தண்ணீர் போகும் வழியில் கல்

ஆம்பூரிலிருந்து வேலூர் வரைக்கும் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் இருக்கிற ஷூ கம்பெனிகள், தோல் தொழிற்சாலைகள், கல்லூரிகள், புது வீடுகள் என்று பல இடங்களில் கூழாங்கல் பரப்பிக் கொடுத்திருக்கிறேன். கல் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கைபேசியில் ஒரு படத்தோடு வருவார்கள். அலை தொட்டுப் போகும் கரை, அதில் சாம்பல் நிறத்திலும் கறுப்பிலும் உருண்டை உருண்டையாகக் கற்கள். "இந்த பீச் கல்லுதான் வேணும்ணே, எவ்ளோ ஆவும்?" என்பார்கள். விலை சொல்வதற்கு முன் நான் ஒன்று கேட்பேன்: "உங்க இடத்துல மழைத் தண்ணி எந்தப் பக்கம் போவுது?"

கல் வாங்க வந்தால் தண்ணீரைப் பற்றி விசாரிக்கிறானே என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. உருண்டைக் கல்லை உருட்டியது தண்ணீர். மலையிலிருந்து மூலையும் முனையுமாக உடைந்து விழுந்த துண்டை ஆறோ கடலோ உருட்டி, பக்கத்துக் கல்லோடு மோதவிட்டு, முதலில் முனைகளை மழுக்கி, பிறகு உடம்பு முழுவதையும் தேய்த்து இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. தோட்டத்திலும் அது தண்ணீர் போகும் தடத்தில் கிடந்தால்தான் அதற்கு வேலை இருக்கும். வேலை செய்கிற கல் தானாகச் சுத்தமாகிக்கொள்ளும். பார்க்கவும் நன்றாக இருக்கும். வெறும் தரையை மறைக்கக் கொட்டிய கல், அடுத்த ஆடிக் காற்றுக்குள் புழுதியும் சருகும் சேர்ந்து குப்பைமேடாகிவிடும்.

கடற்கரைக் கல் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நம் சோழமண்டலக் கரை மணற்கரை. பழவேற்காட்டிலிருந்து தெற்கே நடந்தால் நாள் கணக்கில் காலடியில் மணல்தான். படத்தில் இருப்பது போன்ற கல்பரப்பு கண்ணில் படாது. எங்கள் பாலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். கர்நாடகத்தில் நந்திமலைப் பக்கம் பிறந்து அங்கே 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 என்று மொத்தம் 348 கிலோமீட்டர் வந்து, கல்பாக்கம் அருகே வயலூரில் கடல் சேர்கிறது. மலை ஓடைகள் வந்து கலக்கிற மேல்பகுதியில் கைக்கு அடக்கமான கற்களைப் பார்க்கலாம். கடலை நெருங்க நெருங்க ஆறு கொண்டுபோவது மணல் மட்டும். கடலுக்குக் கல்லே போய்ச் சேராதபோது அலை எதை உருட்டும்? அப்படியே எங்காவது ஒரு பாறைக்கரையில் உருண்டைக் கல் கிடந்தாலும் அதை அள்ளக்கூடாது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991இல் வந்தது. அதற்குப் பிறகு 2011இலும் 2019இலும் மாற்றி எழுதினார்கள். கரையிலிருந்து மணலும் பாறையும் வெட்டியெடுக்கத் தடை என்பது அதில் தொடர்ந்து இருக்கிறது.

அப்படியானால் கடைகளில் பீச் கல் என்று மூட்டையில் கிடப்பது என்ன? பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, கடலிலிருந்து தள்ளி, உள்நாட்டுச் செம்மண் மேடுகளில் தோண்டியெடுக்கும் பழைய ஆற்றுக் கல். இன்னொன்று, உடைத்த கல்லை இயந்திரத்தில் போட்டு உருட்டியது. இரண்டையும் நான் விற்றிருக்கிறேன், எது எது என்று சொல்லியே விற்றிருக்கிறேன்.

இந்தத் தொழிலுக்கு நான் தோட்டத்தின் வழியாக வரவில்லை. என் அப்பா ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் டிரம் ஓட்டியவர். ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும் மர டிரம், உள்ளே முளைமுளையாகக் கட்டைகள், அதில் தோலும் தண்ணீரும் மருந்தும் சேர்ந்து மணிக்கணக்கில் சுற்றும். அவருக்கு முந்தைய தலைமுறை ஆவாரம் பட்டையில் பதனிட்டது. அவர் காலத்தில் குரோம் வந்துவிட்டது. ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உப்பானதும், வயலில் நெல்லுக்குப் பதில் கருவேலம் முளைத்ததும் அதே காலம்தான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அதில் உறுதியாகச் சொன்னார்கள். சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கிற தீர்ப்பு அது. எங்களுக்கு அது பிழைப்பின் திருப்பம். சுத்திகரிப்பு நிலையம் இல்லாமல் இனி ஷிப்ட் ஓடாது என்றானது. துத்திப்பட்டு, வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று எல்லாப் பக்கமும் சுத்திகரிப்பு வேலைகள் நடந்தன. அந்த வேலைகளில் ஃபில்டர் நிரப்பும் ஒரு கான்ட்ராக்டரிடம் இளவயதில் சேர்ந்தேன். என் கையில் முதலில் விழுந்த கூழாங்கல் அழுக்குத் தண்ணீரை வடிகட்ட வந்த கல்.

மணல் ஃபில்டர் என்பது பார்க்க ஓர் இரும்புத் தொட்டி. உள்ளே அடியில் பெரிய கூழாங்கல், அதன்மேல் அதைவிடச் சிறியது, அதன்மேல் பொடிக்கல், எல்லாவற்றுக்கும் மேலே மணல். தண்ணீர் மேலிருந்து இறங்கும். அழுக்கைப் பிடிப்பது மணல். கல்லின் வேலை மணலைத் தாங்குவதும் தண்ணீரை எல்லாப் பக்கமும் ஒரே சீராக விடுவதும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் கீழிருந்து மேலாகத் தண்ணீரை ஏற்றி அலசுவார்கள், அதுதான் பேக்வாஷ். அப்போது ஒரு பக்கம் அதிகமும் ஒரு பக்கம் குறைவுமாகத் தண்ணீர் ஏறினால் அடுக்கு கலைந்து மணல் முழுக்கக் கீழே இறங்கிவிடும். உடைத்த ஜல்லியை அடியில் போட்டால் முனைகள் ஒன்றுக்குள் ஒன்று கொளுவிக்கொண்டு சில இடத்தில் இறுகும், சில இடத்தில் பொந்து விடும். உருண்டைக் கல் அப்படிச் செய்யாது. அடுக்கிய கூழாங்கல்லில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெற்றிடம். அந்த வெற்றிடம் முழுக்கத் தண்ணீருக்கான பாதை.

ஃபில்டர் கல்லுக்கு ஐ.எஸ். 8419 என்று ஓர் இந்தியத் தரம் உண்டு. அளவு, கடினம், அமிலத்தில் எவ்வளவு கரைகிறது எல்லாம் பார்ப்பார்கள். தளத்தில் எங்கள் மேஸ்திரி ஒரு சீசாவில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் வைத்திருப்பார். மூட்டைக்கு நாலு கல் எடுத்து ஒரு பீங்கான் கிண்ணத்தில் போட்டு ஊற்றுவார். நுரைத்தால் அந்தக் கல்லில் சுண்ணாம்பு இருக்கிறது, லோடு திரும்பிப் போகும். சும்மா கிடந்தால் குவார்ட்ஸ், இறக்கலாம். இன்று தோட்டத்துக்குக் கல் எடுக்கும்போதும் அந்தச் சீசா என் வண்டியில் இருக்கிறது.

அந்த ஃபில்டர் கல் வந்தது கடலூர் மாவட்டத்திலிருந்து, பண்ருட்டிப் பக்கச் செம்மண் மேடுகளிலிருந்து. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கிறதே கடலூர் மணற்பாறை, அதே அடுக்கு. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் கல்லும் காலப்போக்கில் மேடாகிச் செந்நிறம் ஏறிப் போயிருக்கிறது. வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லில் இரும்புச் சத்து ஊறி, தேன் நிறம், டீ நிறம், செம்பழுப்பு என்று விதவிதமாக இருக்கும். குத்தகை பெற்ற நிலத்தில் தோண்டி, சல்லடையில் சலித்து, பிறகு ஆட்கள் உட்கார்ந்து கையால் பொறுக்குவார்கள். பொறுக்குவது பெரும்பாலும் பெண்கள். தார்ப்பாய் நிழலில் வரிசையாக உட்கார்ந்து, உடைசலை ஒரு பக்கம், வெள்ளையை ஒரு பக்கம், நிறக்கல்லை ஒரு பக்கம் என்று எறிகிற வேகத்தில் கண் தொடர முடியாது. சல்லடை அளவை மட்டும்தான் பிரிக்கும். கீறல் விழுந்த கல்லை, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த கல்லை, மண் கட்டியாக இருந்து மழையில் கரையப் போகிற போலிக் கல்லைப் பிரிப்பது விரல்தான். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. தோட்டத்தில் அந்தக் கல்லைப் பார்த்து அழகு என்று சொல்கிற யாருக்கும் அந்தக் கைகள் தெரிவதில்லை என்பது எனக்கு எப்போதும் உறுத்தல்.

அங்கே ஒரு வயதான அக்கா சொன்னதை இன்றும் கடைப்பிடிக்கிறேன். லாரியில் ஏற்றுவதற்கு முன் குவியல்மேல் தண்ணீர் அடித்திருந்தார்கள். நிறமெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. நான் தலையாட்டப் போன நேரத்தில் அவர், "ஈரத்துல பாக்காத தம்பி, காஞ்ச பொறவு பாத்து எடு" என்றார். ஈரக் கல்லுக்கு ஒரு நிறம், காய்ந்த கல்லுக்கு ஒரு நிறம். வேலூர் வெயிலில் கல் ஈரமாக இருப்பது வருடத்தில் எத்தனை நாள்? காய்ந்து, வெளிறி, சாம்பல் பூத்துக் கிடக்கும்போது எது பிடிக்கிறதோ அந்தக் கல்லை வாங்கச் சொல்லி வாடிக்கையாளர்களிடம் நானும் சொல்கிறேன்.

ஃபில்டரிலிருந்து தோட்டத்துக்கு வந்தது ஒரு ஷூ கம்பெனியின் புல்தரையால். வெளிநாட்டு வாங்குநர்கள் வந்து இறங்கும் முன்வாசலில் பச்சைப் புல் வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. புல் பதித்தார்கள், கருகியது. மறுபடி பதித்தார்கள், மறுபடி கருகியது. போர் தண்ணீரை நாக்கில் வைத்தாலே காரணம் தெரியும். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தரநிர்ணயம். எங்கள் பகுதியில் அந்தக் கணக்கையெல்லாம் தாண்டிய கிணறுகள் ஏராளம். அந்தத் தண்ணீரைத் தினமும் ஊற்றினால் தண்ணீர் ஆவியாகும், உப்பு மண்ணில் நிற்கும், வேர் வறண்டு சாகும். ஃபில்டர் வேலையாக உள்ளே போயிருந்த என்னை அங்கிருந்த மேனேஜர் பாய் கூப்பிட்டார். "தம்பி, உங்க ஃபில்டர் கல்லையே இங்க கொட்டி மூடிட முடியுமா?" என்றார். "கொட்டலாம் பாய். அதுக்கு முன்ன கூரைத் தண்ணி எங்க போவுதுன்னு காட்டுங்க" என்றேன்.

கூரைத் தண்ணீர் நேராகச் சாலைச் சாக்கடைக்குப் போனது. கணக்குப் போட்டுக் காட்டினேன். 10,000 சதுர அடிக் கூரையில் ஒரு மாலை 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 46,000 லிட்டர். உப்பில்லாத தண்ணீர் அவ்வளவையும் சாக்கடைக்கு விட்டுவிட்டு, உப்புத் தண்ணீரை மின்சாரம் போட்டு இறைத்துப் புல்லைக் கொன்றுகொண்டிருந்தார்கள். புல்தரை இருந்த இடத்தில் கூரைக் குழாயின் வாயிலிருந்து ஒரு நெளிவான ஓடை வெட்டினோம். ஓடையின் கடைசியில் உறிஞ்சு குழி. ஓடை முழுக்கக் கூழாங்கல். மழை இல்லாத நாளில் அது காய்ந்த ஆற்றுப் படுகை போலக் கிடக்கும். மழை வந்தால் ஓடும். 2003இலேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆகிவிட்டது. பல இடங்களில் அது பின்பக்கம் மூடிபோட்ட ஒரு சிமென்ட் தொட்டியாக யார் கண்ணிலும் படாமல் அடைத்துக்கிடக்கிறது. முன்வாசலில் அழகாக ஓடுகிற ஓடையை யாரும் அடைக்கவிட மாட்டார்கள்.

தோல் தொழில் நடக்கிற இடத்தில் இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு, இதை நான் யாருக்காகவும் தளர்த்துவதில்லை. கூரையில் விழுந்த தண்ணீரை மட்டுமே குழிக்கு விட வேண்டும். பச்சைத் தோலை உப்புப் போட்டுத்தான் கொண்டுவருவார்கள். உதறும்போது அந்த உப்பு முற்றமெங்கும் சிதறும். மருந்து டிரம்கள் இறக்குமிடம், சேற்றுக் கழிவு வண்டி நிற்குமிடம், இந்தத் தரைகளில் ஓடிய மழைத்தண்ணீர் ஒரு சொட்டும் பூமிக்குள் இறங்கக்கூடாது. அது சுத்திகரிப்புக்குத்தான் போக வேண்டும். மேட்டில் ஒரு கரை கட்டி இரண்டையும் பிரித்துவிட்டுத்தான் கல்லை இறக்குவேன். முதல் மழையில் கூரைத் தூசியும் சேர்ந்து வரும், அதை வெளியே தள்ள ஒரு வால்வு. இவ்வளவு செய்ய மனமில்லை, கல் மட்டும் போதும் என்றவர்களிடம் வேலை எடுக்கவில்லை. கெட்டுப்போன நிலத்தடி நீரை வைத்துப் பிழைத்துக்கொண்டிருக்கும் ஊரில் நாமும் கொஞ்சம் கெடுக்கக்கூடாது. பாலாற்று மாசுக்கான இழப்பீடும் சீரமைப்பும் பற்றி 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்பு வந்தபோது மூட்டை தூக்கிய எனக்கு இப்போது தலை நரைத்துவிட்டது.

ஓடையில் கல் பரப்புவது எப்படி என்று நான் கற்றுக்கொண்டது ஜவ்வாது மலையடிவாரத்தில். அமிர்திப் பக்கம் மழைக்குப் பிறகு போய் ஓடையோரம் உட்கார்ந்து பார்த்தால் போதும். தண்ணீர் திரும்புகிற வளைவில் வெளிப்பக்கம் பெரிய கற்கள் நிற்கும், உள்பக்கம் பொடிக்கல்லும் மணலும் ஒதுங்கும். அருவி மாதிரி விழுகிற இடத்தில் பலகைக் கல், அதைச் சுற்றிப் பெருங்கல். பெரிய கல் எதுவும் தரைமேல் வைத்தது போல் இருக்காது, உடம்பில் ஒரு பங்கு மண்ணுக்குள் அமிழ்ந்திருக்கும். எந்த இடத்திலும் ஒரே அளவு, ஒரே நிறம் கிடையாது. நானும் அப்படியே செய்கிறேன். முட்டை அளவில் ஒரே வெள்ளைக் கல்லாகக் கொட்டிக் கொடுங்கள் என்று கேட்பவர்களைக் கூடுமானவரை அந்த மலையடிவாரத்துக்கே ஒருமுறை போய்வரச் சொல்வேன். பார்த்துவிட்டு வந்தால் வாக்குவாதம் தேவைப்படாது. அங்கிருந்து ஒரு கல்லையும் எடுத்துவரக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்வேன். காப்புக்காடு அது, 1882ஆம் ஆண்டு வனச் சட்டமே அதைக் குற்றம் என்கிறது.

கைபேசிப் படங்களில் வருவது போன்ற கல்கரைகள் வெளிநாடுகளில் இருக்கின்றன. இங்கிலாந்தின் தென்கரையில் செசில் என்று 29 கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்லாலேயே ஆன ஒரு கடற்கரை இருக்கிறது. மேற்குக் கோடியில் பட்டாணி அளவு கல், கிழக்கே போகப் போக வளர்ந்து உருளைக்கிழங்கு அளவாகிவிடும். இருட்டில் கரையேறும் மீனவர் காலடியில் கல்லைத் தடவிப் பார்த்தே எந்த இடம் என்று சொல்லிவிடுவார் என்று அந்த ஊரில் சொல்வார்களாம். அலையே சலித்து வைத்த கல். அங்கேயும் இப்போது கல் எடுக்கத் தடை. இத்தாலியின் சார்டீனியாத் தீவில் கரையிலிருந்து மணலும் கல்லும் சிப்பியும் எடுத்தால் 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம் என்று 2017இல் சட்டமே கொண்டுவந்தார்கள். அமெரிக்கத் தோட்டங்களில் புகழ்பெற்ற கருஞ்சாம்பல் கடற்கரைக் கல் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாக் கரையில் கையால் பொறுக்கப்படுவது. எங்கள் ஊரில் காட்டும் கைபேசிப் படங்களில் பாதி அந்தக் கல்தான்.

கடற்கரைக் கல்லுக்குக் கிடைத்த மிகப் பெரிய மரியாதை ஜப்பானில்தான் என்று நினைக்கிறேன். ஒரு கல்லூரி வளாகத்து வேலையின்போது அதை வடிவமைத்த அம்மா படம் காட்டிச் சொன்னார். கியோத்தோவில் ஓய்வுபெற்ற பேரரசர்களுக்கான செந்தோ அரண்மனை. அங்கே குளத்தின் ஒரு கரை முழுக்க, மெல்லச் சரிந்து தண்ணீருக்குள் இறங்குகிற மாதிரி, ஒரே சீரான தட்டை உருண்டைக் கற்கள், ஒரு லட்சத்துக்கும் மேல். ஒடவாரா கடற்கரைப் பகுதியிலிருந்து அந்த ஊர்ப் பிரபு அனுப்பி வைத்தவை. பொறுக்கிக் கொடுத்தவருக்கு ஒரு கல்லுக்கு ஒரு ஷோ அரிசி கூலி என்று சொல்கிறார்கள். ஒரு ஷோ என்பது சுமார் 1.8 லிட்டர். படத்தில் அழகைப் பார்த்தேன். அதைவிட அந்தக் கூலியை நினைத்து நினைத்துப் பார்த்தேன். பண்ருட்டி அக்காவுக்கு ஒரு முழு மூட்டைக்குக் கிடைத்தது என்ன என்று எனக்குத் தெரியும். அந்தக் குளத்திலும் கல் கிடப்பது தண்ணீரும் கரையும் சேருகிற இடத்தில், கடற்கரையில் கிடந்தபோது எப்படி இருந்ததோ அப்படி.

கல்லின் வடிவத்தையே பார்த்து அது ஆற்றுக் கல்லா கடல் கல்லா என்று ஓரளவு சொல்லலாம். ஆற்றில் கல் உருண்டுகொண்டே போகும், அதனால் நாலு பக்கமும் திரண்டிருக்கும். கரையில் அலை கல்லை மேலும் கீழும் சறுக்கிவிடும், அதனால் தட்டையாகத் தேயும். இயந்திரக் கல்லுக்கு வேறு அடையாளம். இயற்கைக் கல்லின் தோலில் மோதிய வடு சின்னச் சின்னப் பிறை வடிவில் தெரியும், பளபளப்பு இருக்காது. இயந்திரத்தில் வந்தது எல்லாப் பக்கமும் ஒரே வழுவழுப்பு. உற்றுப் பார்த்தால் உடைத்தபோது இருந்த பட்டைகள் மழுங்கித் தெரியும். கண்ணாடி மாதிரி மின்னினால் மேலே மெழுகோ லாக்கரோ பூசியிருக்கிறது. வெள்ளைத் துணியில் தின்னர் தொட்டுத் துடைத்தால் சாயம் துணிக்கு வந்துவிடும்.

இயந்திரக் கல்லை நான் இழிவாகப் பேசுவதில்லை. டிரம் ஓட்டியவர் மகனுக்கு அந்த இயந்திரம் புரியும். தண்ணீரோடு கல்லைப் போட்டு மணிக்கணக்கில் சுற்றினால் தோல் மெத்தென்றாகிற மாதிரி கல் மழுங்கி வருகிறது. கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் கிரானைட் அறுக்கும் இடங்களில் மலைமலையாக மிஞ்சுகிற துண்டுகளை இப்படி உருட்டி எடுத்தால் எந்த ஆறும் கரையும் நோகாது. திருட்டு ஆற்றுக் கல்லா, கிரானைட் கழிவை உருட்டிய கல்லா என்றால் இரண்டாவதுதான் என் வாக்கு. உருட்டியபின் வெளிவரும் கல்பால் எங்கே போகிறது என்று மட்டும் அந்தப் பட்டறையில் கேட்க வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கேள்வி தானாகவே வரும்.

எங்கள் பகுதிக்கு ஒத்துவராத கல் பளிங்குக் கல். ராஜஸ்தானிலிருந்து தூய வெள்ளையாக வருகிறது, எல்லோருக்கும் பிடிக்கிறது. அமிலச் சீசாவை எடுத்தால் நுரைத்துப் பொங்கும். முழுக்கச் சுண்ணாம்பு. செடியடியில் போட்டால் மழையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, ஏற்கெனவே காரம் ஏறிய மண்ணில் இன்னும் காரம் ஏற்றும். இட்லிப்பூ மாதிரிச் செடிகள் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் இலை மஞ்சளாகும். அடுத்தது கறுப்புக் கல். வாங்கும்போது மை மாதிரி இருக்கும். சொட்டுநீர்க் குழாயில் எங்கள் போர் தண்ணீரை விட்டால், காய்ந்த இடமெல்லாம் உப்பும் சுண்ணாம்பும் வெள்ளை வெள்ளையாகப் படியும். எவ்வளவு தேய்த்தாலும் அடுத்த வாரம் மறுபடி வரும். தேன் நிறமும் டீ நிறமும் சாம்பலும் கலந்த பண்ருட்டிக் கல்லில் அந்தப் படிவு தெரிவதே இல்லை. ஆம்பூர்த் தண்ணீருக்கு அதுதான் பொருத்தம் என்று சொல்லிச் சொல்லி விற்கிறேன்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது. பல வருடங்களாக மணல் அள்ளிய குழிகளும் சீமைக் கருவேலமும் கழிவு வாய்க்கால்களுமாகப் பார்த்துப் பழகிய ஆற்றில் கரை முட்டத் தண்ணீர். பாலங்களில் ஜனம் நின்று பார்த்தது. பூக்கூட எறிந்தார்கள். 1903 நவம்பரில் வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போன வெள்ளத்தைப் பற்றிப் பெரியவர்கள் பேசினார்கள். வெள்ளம் வடிந்தபின் மணல் போன இடங்களில் அடியில் கிடந்த கல் வெளியே தெரிந்தது. அப்போது எனக்கு வந்த போன்களை நினைத்தால் இன்றும் வருத்தம்தான். "ஆத்துல கல்லு சும்மா கெடக்குதே, நைட்டுல ரெண்டு டிப்பர் போட்டுடலாமா?" சும்மா கிடக்கவில்லை என்று ஒவ்வொருவருக்கும் விளக்கினேன். மணல் போன ஆற்றில் மிஞ்சியிருக்கிற அந்தக் கல்தான் தண்ணீரின் வேகத்தை உடைக்கிறது, படுகை இன்னும் ஆழமாக அரிக்காமல் பிடித்துவைக்கிறது. அதையும் அள்ளினால் கரையோரக் கிணறுகளுக்கு ஊற்று இறங்காது. கூழாங்கல்லும் சிறுகனிமம்தான், குத்தகையும் நடைச்சீட்டும் இல்லாமல் ஒரு வண்டி நகரக்கூடாது. ஐந்து ஹெக்டேருக்குக் கீழே உள்ள சின்னக் குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. லோடு வரும்போது நடைச்சீட்டில் வண்டி எண், தேதி, இடம் மூன்றையும் சரிபார்க்காமல் நான் தார்ப்பாயை அவிழ்க்கச் சொல்வதில்லை.

இந்தப் பக்கத்து உருண்டைக் கல்லுக்குப் பழைய வரலாறு ஒன்றும் உண்டு. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு கொசஸ்தலையாற்றுப் பகுதியில் அத்திரம்பாக்கத்தையும் கண்டார். அங்கே கிடைத்த கைக்கோடரிகள் ஆறு உருட்டிய குவார்ட்சைட் கற்களிலிருந்து செய்தவை. சாந்தி பப்புவும் உடனிருந்த ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு அந்த இடத்தின் வயதைச் சுமார் 15 லட்சம் ஆண்டு என்றது. கொசஸ்தலையாறு தொடங்குவது எங்கள் ராணிப்பேட்டை மாவட்டத்துக் காவேரிப்பாக்கம் ஏரிப் பக்கம்தான். அந்த ஏரிக்குத் தண்ணீர் பாலாற்றிலிருந்து போகிறது. அந்த மனிதர்களும் கல்லைக் கையில் எடுத்து, கனம் பார்த்து, சரியானதைப் பொறுக்கியிருப்பார்கள்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கத்திரி வெயிலில் வேலூரில் கல்லைத் தொட்டால் கை சுடும். இளஞ்செடியின் தண்டை ஒட்டிக் கல் போடுவது செடியை அடுப்பில் வைப்பதற்குச் சமம். தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டு, அங்கே சருகு மூடாக்குப் போட்டு, அதற்கு வெளியேதான் கல். வேப்ப மரத்தடியில் கல் வேண்டாம் என்று தடுத்துவிடுவேன். பங்குனியில் உதிரும் இலையைக் கல்லிடுக்கிலிருந்து பெருக்க யாராலும் முடியாது. நடைபாதைக்கும் கார் நிற்கும் இடத்துக்கும் உருண்டைக் கல் ஆகாது, காலடியில் புரளும், டயரில் சிதறும். அங்கே ஜல்லிதான் இறுகி நிற்கும். பெரிய கற்களை வீட்டுப் படியோரம் குவித்தால் தேள் குடியேறும். கல்லுக்கடியில் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் தாளை விரித்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பதில் தண்ணீர் இறங்குகிற ஜியோ துணி விரிக்க வேண்டும்.

போன ஐப்பசிக்கு முன் ஆம்பூரில் மூன்று சென்ட் வீட்டுக்கு ஓர் அக்கா கூப்பிட்டிருந்தார். முன்பக்கம் முழுக்கச் சிமென்ட் பூசி, நடுவில் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். அதில் பீச் கல் கொட்டி ஒரு புத்தர் வைக்க வேண்டும் என்று ஆசை. மொட்டைமாடிக் குழாய் பின்சந்தில் தண்ணீரை ஊற்றி, சுவர் ஓரமெல்லாம் பாசி பிடித்து, அஸ்திவாரத்தில் ஈரம் ஏறியிருந்தது. "அக்கா, கல்ல அங்க போடுவோம்" என்றேன். சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலம், நாற்பது அடி நீளம், வெளிப்பக்கம் சரிவாக வெட்டி, துணி விரித்து, நாலு விரல்கடை உயரத்துக்குக் கல். மொத்தம் 60 சதுர அடி. ஒரு டன்னுக்கும் குறைவான கல் போதும். கடைசியில் ஆறடி ஆழத்தில் ஒரு குழி, அடியில் பெருங்கல், நடுவில் கூழாங்கல், மேலே மணல், பழைய ஃபில்டர் அடுக்குதான். முன்பக்கத்துச் சிமென்ட்டில் பாதியைப் பெயர்த்தெடுக்கச் சொன்னதற்கு அவர் வீட்டுக்காரர் சம்மதிக்க ஒரு வாரம் ஆனது. புத்தரைப் பின்சந்தில் கல் ஓடை முடிகிற இடத்தில் வைத்துக்கொள்வதாக அக்கா சொல்லிவிட்டார். வருடத்துக்கு ஒருமுறை, புரட்டாசி முடிவதற்குள், மேல் அடுக்குக் கல்லை மட்டும் முறத்தில் அள்ளி ஒரு தொட்டியில் அலசி, அடியில் தங்கிய மண்ணைத் தட்டிவிட்டுத் திருப்பிப் போடும்படி அவர் மகனுக்குச் செய்து காட்டிவிட்டு வந்தேன். அலசிய தண்ணீரை முருங்கைக்கு ஊற்றச் சொன்னேன்.